அப்பா கேட்ட மாங்கா

"இன்னும் பொம்மைப் படம் பாக்குற வயசாடா உனக்கு?" போடிக்குப் போகும்போதெல்லாம் அப்பா கேட்பார். ஏலக்காய் விலை பார்க்க மட்டுமே போனைத் தொடுகிறவர்.

அனிமே என்றால் வாள்சண்டை என்று நினைப்பவர்களுக்கு நான் கைகாட்டுவது 'சில்வர் ஸ்பூன்'. 2013, 2014-ல் வந்தது, மொத்தம் 22 எபிசோடுதான். மூலக்கதையை எழுதி வரைந்த ஹிரோமு அரகாவா, ஹொக்கைடோவில் பால் பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர். (புகழ்பெற்ற 'ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்ட்'டும் அவருடையதுதான். அதை அப்புறம் பாருங்கள்.) படிப்புப் போட்டியில் நொந்து விவசாயப் பள்ளிக்கு ஓடிவரும் நகரத்துப் பையன் ஹச்சிகென், ஒரு நோஞ்சான் பன்றிக்குட்டிக்குப் பெயர் வைக்கிறான். கறிக்குப் போகப்போகிற குட்டி. வைத்த பெயரே 'புடாடொன்', அதாவது பன்றிக்கறிச் சோறு!

அப்பாவுக்கு சப்டைட்டிலை நான்தான் தமிழில் சொன்னேன். பாதிக் கண்ணால்தான் பார்த்தார். இரண்டாம் சீசனில், பேஸ்பால் கனவோடு இருந்த கொமாபாவின் வீட்டுப் பண்ணை கடனில் மூழ்கும். மாடுகள் விலைபோகும், அவன் படிப்பை நிறுத்துவான். அப்பா போனை வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டார். போடிமெட்டுக்கு மேலே இருந்த 2 ஏக்கர் ஏலத்தோட்டத்தை விற்ற வருஷத்தைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை.

"அந்தப் பய அப்புறம் என்ன ஆனான்?"

"மீதிக் கதை மாங்காவுலதான்ப்பா இருக்கு. 15 புக்கு."

"மாங்காயா?"

விளக்கிச் சொன்னேன். "சரி, வாங்கிட்டு வா" என்றார்.