குன்னூர் ஷெட்டின் கைகள்

அனுமதி வாங்கிக் குன்னூர் லோகோ ஷெட்டுக்குள் போனபோது, ஃபிட்டர் ஒருவர் குழிக்குள் இறங்கி நின்று, எக்ஸ் வகுப்பு இன்ஜினின் பல்சக்கரத்தை ஒவ்வொரு பல்லாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். “தேய்மானம் கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடி விரலுக்குத் தெரிஞ்சிடும் சார்” என்றார். அதன் பிறகே அளவுகோலை எடுத்தார்.

அந்தப் பற்களை நம்பித்தான் நீலகிரி மலை ரயில் ஏறுகிறது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை, கடினமான இடங்களில், பன்னிரண்டு அடி நகர்ந்தால் ஓர் அடி ஏற வேண்டும். சாதாரணச் சக்கரம் வழுக்கிவிடும். அதனால் சுவிஸ் பொறியாளர் ரோமன் ஆப்ட் வகுத்த முறையில், தண்டவாளங்களுக்கு நடுவே இரண்டு பற்சட்டங்கள் ஓடுகின்றன. ஒன்றில் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் இடைவெளி. எந்த நொடியிலும் பல்சக்கரத்துக்குப் பிடி கிடைத்துக்கொண்டே இருக்கும்.

இந்த வழிக்கென்றே சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் தொழிற்சாலை எக்ஸ் வகுப்பைக் கட்டியது. 1914 முதல் 1925 வரை 12 இன்ஜின்கள், 1952இல் இன்னும் 5. ஒவ்வொன்றிலும் நான்கு சிலிண்டர்கள். இரண்டு சிலிண்டர்கள் ஓடுசக்கரங்களைத் திருப்புகின்றன. ஏற்றத்தில், அங்கே உழைத்து வெளியேறும் நீராவி வீணாவதில்லை. மற்ற இரண்டு சிலிண்டர்களுக்குப் போய்ப் பல்சக்கரத்தை இயக்குகிறது. பற்சட்டம் இல்லாத பாதையில் அந்த இரண்டாம் ஜோடிக்கு ஓய்வு.

பாய்லர் பக்கம் இன்னொருவர் சிறு சுத்தியலோடு நின்றார். உள்ளே நெருப்புப் பெட்டியைத் தாங்கும் இரும்புத் தண்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டி, காது கொடுத்துக் கேட்டார். நல்ல தண்டு கணீரென்று ஒலிக்கும், முறிந்தது மந்தமாகப் பேசும். தண்ணீரிலிருந்து படியும் உப்பைக் கழுவுவதும், ஒழுகும் குழாயை மாற்றுவதும் ஷெட் தொழிலாளர்களின் வேலையே. எண்ணெயில் எரியும் இன்ஜினில் பயர்மேனின் கண் புகையை விட்டு விலகுவதில்லை. புகை கறுத்தால், எண்ணெய் அதிகம் அல்லது காற்று போதவில்லை.

ஏறும்போது இன்ஜின் பின்னாலிருந்து தள்ளுவதால் டிரைவருக்கு முன்பாதை தெரியாது. முன்பெட்டியில் நிற்கும் பிரேக்ஸ்மேன்தான் அவருக்குக் கண். பெட்டிக்குப் பெட்டி பிரேக்ஸ்மேன்கள் கொடி காட்டிச் செய்தியைக் கடத்துகிறார்கள். இறக்கத்தில் அவர்களின் கைகள் பிரேக்கை விட்டு அகலுவதில்லை.

மேட்டுப்பாளையம் முதல் குன்னூர் வரை 1899இல் திறந்து, 1908இல் உதகையைத் தொட்ட இந்தப் பாதையை யுனெஸ்கோ 2005இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. விண்டர்தூரில் பிறந்த வகுப்புக்கு, 2011 முதல் திருச்சி பொன்மலைப் பணிமனை புதிய இன்ஜின்களைக் கட்டித் தந்தது. பல்லாண்டுகளாகப் பழைய இன்ஜின்களைப் பிரித்துக் கோத்துப் பழகிய தொழிலாளர்கள் இருந்ததால்தான் அது முடிந்தது.

வரைபடத்தைக் காகிதத்தில் காப்பாற்றலாம். விரலின் பதத்தையும் காதின் தீர்ப்பையும் அருகில் நின்று பழகித்தான் வாங்க முடியும். மூத்த ஃபிட்டர்கள் ஓய்வு பெறும் முன்பே, ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் ஓர் இளைஞரை ரயில்வே நிறுத்த வேண்டும். மலை ரயிலில் போகும் நாமும் ஜன்னல் காட்சியோடு நின்றுவிடாமல், குன்னூரில் இறங்கி அந்தத் தொழிலாளர்களுக்கு ஒரு வணக்கம் சொல்வோம்.