ஏத்தத்துல பாக்காதீங்க... எறக்கத்துல பாருங்க!

ஏலக்காய் வாசத்தோடு உங்களை வரவேற்கிற ஊர் வேண்டுமா? மதுரையில் போடி ரயில் ஏறுங்க பாஸ். 2010 கடைசியில் நின்றுபோன மீட்டர்கேஜ் ரயில், அகலப்பாதையாகி 2023 ஜூன் மாதம்தான் போடிக்குத் திரும்பி வந்தது. நான் போனது சுற்றிப் பார்க்க இல்லை. எங்க மாமா ஜீப்பை விற்கப் போகிறார், கூடவே ஒரு கடைசி ரவுண்டு!

விடிகாலை போடியைப் பார்க்கணும் நீங்க. கையில் தூக்குச்சட்டியோடு பெண்கள் ஜீப்களில் நெருக்கியடித்து ஏறி, கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் கிளம்புவார்கள். வயிறு, ஸ்கூல் ஃபீஸ், சீட்டுப்பணம்... எல்லாம் அந்த மலை ரோட்டில்தான் ஏறி இறங்குகிறது.

மாமாவின் வண்டி மஹிந்திரா எம்.எம். 540. 1996 மாடல், பெஜோ டீசல் எஞ்சின். என்னைவிட மூத்தது! ஆனா பார்த்தால் நம்ப மாட்டீங்க. எஞ்சினைப் பிரித்துப் போர் போட்டு, லீஃப் ஸ்பிரிங் செட்டை மாற்றி, பட்டன் டயர், பவர் ஸ்டீயரிங், புது தார்ப்பாய் டாப் என்று பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார். தோள்பட்டை வலி வந்ததால் விற்கிறார். கேட்ட விலை மூணேகால் லட்சம். அதற்குள் என் செமஸ்டர் ஃபீஸும் ஒளிந்திருந்தது. இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

வாங்க வந்தவர் பூப்பாறைப் பக்கம் சின்னதாக ஏலத்தோட்டம் வைத்திருக்கும் சேட்டன். புரோக்கர் கிளம்பும்போதே மாமா காதில் கிசுகிசுத்தார்: “மேல ஏத்திக் காட்டுங்கண்ணே, அது போதும். கீழ எறக்கிக் காட்டிப்புடாதீங்க!”

முந்தல் தாண்டியதும் மலை ஆரம்பம். போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் போடி ஊர் இன்னும் கொஞ்சம் சின்னதாகும், காற்று இன்னும் கொஞ்சம் சில்லிடும். “ஃபோர் வீல் போடலாமா மாமா?” என்று கெத்தாகக் கேட்டேன். “இன்ஜினீயரிங் படிக்கிறவனாடா நீ?” என்றார். நியாயம்தான். வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு தூரம் உருளும். மண்ணில் டயர் லேசாக வழுக்கி அதைச் சரிக்கட்டும். தார் ரோட்டில் வழுக்காது, அந்த முறுக்கெல்லாம் கியர்ப்பெட்டிக்குள் ஏறிவிடும். புஸ்தகத்தில் படித்தது, பல் சக்கரம் பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான் புரிந்தது.

மெட்டு தாண்டி எஸ்டேட் மண்பாதை. மழை பெய்து சேறு. ஃபோர் லோ போட்டார். வேகம் செத்தது, இழுவை கூடியது. யானை மாதிரி நிதானமாக ஏறியது ஜீப். சேட்டன் முகத்தில் சிரிப்பு. புரோக்கர் முகத்தில் அதைவிடப் பெரிய சிரிப்பு. மேலே போனதும் மாமா வண்டியை நிறுத்தினார்.

“சேட்டா, எறக்கத்துல பாத்துட்டு வெலை பேசுங்க.”

எனக்குப் பக்கென்றது. அந்த ஃபோர் லோ லீவரில் ஒரு கோளாறு. இறக்கத்தில் எஞ்சின்தான் வண்டியைப் பிடித்து நிறுத்தணும். ஆனா உள்ளே தேய்மானம், கையை எடுத்தால் லீவர் நியூட்ரலுக்குத் துள்ளிவிடும். அப்புறம் பிரேக் மட்டும்தான் துணை. “நாலு வருஷமா என் இடது கை இதுமேலதான் இருக்கு. உங்களுக்குத் தெரியாம இருந்துறக் கூடாதுல்ல” என்று, கையை எடுத்தே காட்டினார். டக்! வண்டி விட்டேத்தியாக உருள, பிரேக்கை மிதித்து நிறுத்தினார்.

நான் ஒரு வார்த்தை பேசவில்லை. உண்மையைச் சொல்லணுமா? ‘சொல்லாதீங்க மாமா’ என்றுதான் மனசு கத்தியது. முப்பதாயிரம் குறைந்தது விலை. கிட்டத்தட்ட என் ஹாஸ்டல் ஃபீஸ்.

வேறு மாநிலம் என்பதால் ஃபார்ம் 28-ல் தடையின்மைச் சான்று, பெயர் மாற்ற 29, 30 என்று ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு அலைந்தோம். ‘கையெழுத்துப் போட்டாச்சு, அவங்க பாத்துக்குவாங்க’ என்று நீங்க விட்டுடாதீங்க. பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால், ஆர்.சி.யில் இருப்பவர்தான் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. 15 வருஷம் தாண்டிய வண்டி என்றால், 5 வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி.யைப் புதுப்பித்திருக்கிறார்களா என்றும் பாருங்க.

சான்று வந்த பிறகு மறுபடி மலையேறி சாவியைக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் இறங்கினோம். ஹாஸ்டல் ஃபீஸ் பற்றி மாமா எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த வாரம் சேட்டனே போன் செய்தார். முதல் வேலையாக அந்தக் கியர்ப்பெட்டியைப் பிரித்துச் சரிபார்த்துவிட்டாராம். “இவிடே பிள்ளைங்களும் ஏறும் அல்லே...” என்றார்.

பழைய ஜீப் வாங்கப் போறீங்களா? ஏற்றத்தில் எல்லா வண்டியும் ஹீரோதான். இறக்கத்திலும் ஓட்டிப் பாருங்க. விற்கப் போறீங்களா? நீங்களே இறக்கிக் காட்டுங்க.

அப்புறம்... அந்த பஸ்ஸில் 17 வளைவிலும் மாமாவின் இடது கை முன் சீட்டுக் கம்பியை விடவே இல்லை!