உப்புக் காற்றும் ஃபைபர் கம்பியும்

காரைக்கால் பக்கம் கருக்களாச்சேரி மாதிரிக் கடலோர ஊரில் வீடு கட்டுகிறவர்கள் வாஸ்து பகவானைவிட அதிகமாகப் பயப்பட வேண்டியது உப்புக் காற்றுக்கு. சில வருஷம் சும்மா இருக்கும். அப்புறம் சன்ஷேடில் ஒரு விரிசலாக எட்டிப் பார்க்கும். அதற்கப்புறம் சீலிங் பூச்சு பொத்தென்று விழும். பெரும்பாலும் நாம் சாப்பிட உட்காரும் நேரமாகப் பார்த்து!

வீட்டுக் கடன் 20 வருஷம், கூரை 15 வருஷம் என்றால், மீதி 5 வருஷம் இல்லாத கூரைக்குத் தவணை கட்ட வேண்டும். மாதச் சம்பளக்காரனுக்கு வயிற்றைக் கலக்காதா?

குற்றவாளி கான்கிரீட் இல்லை. உள்ளே இருக்கும் கம்பி. ஈரத்தோடு உப்பு மெல்ல இறங்கி இரும்பைத் தொடுகிறது. துரு, தான் தின்ற இரும்பைவிட 2 முதல் 6 மடங்கு வரை இடம் கேட்கும். உள்ளே ஏது இடம்? கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வருகிறது.

அங்கே கடக்கால் தோண்டியிருக்கும் என் சித்தப்பா பையன் போன் பண்ணினான்.

"அண்ணே, இரும்பே வேணாம். ஃபைபர் கம்பின்னு வந்திருக்கு. துருவே பிடிக்காதாம். வெயிட்டும் கம்மி. எல்லாத்துக்கும் அதையே போட்டுடலாமா?"

அவன் சொன்னதில் பொய் இல்லை. கண்ணாடி இழையைப் பிசினில் தோய்த்து இழுத்துச் செய்த கம்பி அது. 12 எம்.எம். இரும்புக் கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ, இது அதில் ஏறக்குறைய கால்வாசி. இழுத்துப் பார்த்தால் இரும்பைவிட அதிகம் தாங்கும். 2023-ல் இந்திய தர நிர்ணய அமைவனம் இதற்கென்று தரமே வகுத்துவிட்டது.

'எல்லாத்துக்கும்' என்பதில்தான் வில்லங்கம். இதன் விறைப்பு இரும்பில் கால்பங்குதான். இரும்புக்குப் பதில் அதே அளவில் மாற்றிப் போட்டால் தளம் தொய்யும். இரும்பு உடைவதற்கு முன்னால் நீண்டு, வளைந்து, 'ஓடிப் போயிடு' என்று எச்சரிக்கும். இது சொல்லாமல் கொள்ளாமல் முறியும். தீப்பிடித்தால் பிசின் இளகும். சைட்டில் வளைக்கவும் முடியாது. ஃபாக்டரியிலேயே வளைத்து வர வேண்டும்.

"அப்ப அது எதுக்குத்தான் ஆகும்?"

"தரையோட படுத்திருக்கிற கான்கிரீட்டுக்குப் போடு. வாசல் தளம், கார் நிக்கிற இடம். தூண், உத்தரம், மாடித் தளம்னா இந்தக் கம்பிக்குன்னே கணக்குப் போட்ட இன்ஜினீயர் டிராயிங் வேணும். கடைக்காரர் கணக்கு செல்லாது."

பாம்பனில் 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலத்தில், கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி வைத்திருக்கிறார்கள். ரயில்வேக்குக் கட்டுப்படியாகும். நமக்கு?

நமக்கு இருக்கவே இருக்கிறது கவர். அதாவது, கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே உள்ள கான்கிரீட் கனம். கடல் சாரல் படுகிற இடத்தில் 50 எம்.எம். வேண்டும் என்கிறது ஐ.எஸ். 456. நம்ம ஆட்களில் சிலர் கையில் கிடைத்த ஜல்லியைக் கம்பிக்கு அடியில் தள்ளிவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். முறையான கவர் பிளாக், உப்பில்லாத மணல், நல்ல தண்ணீர், நாள் தவறாத க்யூரிங் – இந்த நான்கும் இருந்தால் இரும்புக்கே ஆயுசு கூடும்.

"கவர் பிளாக்குக்குக் காசு பார்க்காதேடா தம்பி" என்றேன். "கடைசித் தவணை கட்டுற அன்னிக்குத் தலைக்கு மேல கூரையும் இருக்கணும்."