ஐந்து ரதங்களும் ஒரு பென்சிலும்

மாமல்லபுரத்துக்கு நீங்கள் பல தடவை போயிருப்பீர்கள். கடற்கரைக் கோயில் முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டு, சங்கு மாலை வாங்கிக்கொண்டு, சுண்டலும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியிருப்பீர்கள். அடுத்த தடவை, வீட்டில் ஏழாவது எட்டாவது படிக்கும் குழந்தை இருந்தால், கோடு போடாத நோட்டு ஒன்றையும் பென்சிலையும் கொடுத்து அழைத்துப் போங்கள். ஜாமெட்ரி பெட்டி பைக்குள்ளேயே இருக்கட்டும். அதற்கும் வேளை வரும்.

நேரே பஞ்ச பாண்டவ ரதங்களுக்குப் போங்கள். ஏழாம் நூற்றாண்டில் பல்லவச் சிற்பிகள் பாறையிலேயே செதுக்கியவை இவை. பாண்டவர்களுக்கும் இவற்றுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. பிற்காலத்து ஜனங்கள் வைத்த பெயர் அது. ஆனால் வடிவங்களைப் பாருங்கள்! திரௌபதி ரதம் சதுரக் குடிசை. அர்ஜுன ரதத்துக்கும் தர்மராஜ ரதத்துக்கும் உச்சியில் எட்டுப்பட்டைச் சிகரம். பீம ரதம் நீள்சதுரம். கூரை வண்டிக் கூண்டு மாதிரி. நகுல சகாதேவ ரதத்தின் பின்புறம் அரைவட்டம். இந்த அமைப்புக்குத் 'தூங்கானை மாடம்' என்று பெயர். ஏன் என்று கேட்கும் குழந்தையிடம், பக்கத்தில் நிற்கும் கல் யானையையும் ரதத்தையும் பின்னாலிருந்து ஒரே காகிதத்தில் வரையச் சொல்லுங்கள். பதில் அதற்கே கிடைத்துவிடும்.

என்னுடன் வந்த நண்பரின் மகள் ஏழாம் வகுப்பு. கணக்கில் கெட்டிக்காரி, ஜாமெட்ரி என்றால் மட்டும் வயிற்றைக் கலக்கும். திரௌபதி ரதத்தை அரை நிமிஷத்தில் முடித்துவிட்டாள்: ஒரு சதுரம், மேலே ஒரு கூரை. ஒன்றாம் வகுப்பிலிருந்து அவள் போட்டுவரும் அதே வீடு! ரதத்தை அவள் பார்க்கவே இல்லை.

மூலைக்கு எதிரே உட்காரவைத்து, "தெரிந்ததைப் போடாதே, கண்ணுக்குத் தெரிவதைப் போடு" என்றேன். சுவர் கூரையைத் தொடும் கோடு மூலையின் இரு பக்கமும் கீழ்நோக்கிச் சரிந்தது. அப்படியே வரைந்தாள். இப்போது பாகைமானியை எடுக்கச் சொன்னேன். 140 பாகைக்கு மேல் காட்டியது.

"சதுரம்னா தொண்ணூறுதானே மாமா? புத்தகம் தப்பா, என் கண் தப்பா?"

பத்தடி தள்ளி உட்கார்ந்து மறுபடி வரையச் சொன்னேன். கோணம் மாறிவிட்டது. கொஞ்ச நேரம் யோசித்தாள். "நான் நகர்ந்தால் படம் மாறுது, ரதம் மாறலே" என்றாள். இடத்துக்கு இடம் மாறுவதைக் கண் சொல்கிறது. எங்கே நின்றாலும் மாறாததைப் புத்தகம் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் பிடித்த குழந்தைக்குத் தேற்றத்தை நெட்டுருப் போடும் அவசியம் குறைந்துவிடும்.

பீம ரதத்தின் நீளப் பக்கத்துக்கு நேர் எதிரே, தூரத்தில் நில்லுங்கள். கையை முழுதும் நீட்டி, பென்சிலைப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, உயரத்தைக் கட்டைவிரலால் குறித்துக்கொள்ளுங்கள். அதே அளவை நீளத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றரைக்குச் சற்று மேலே வரும். ரதம் சுமார் 42 அடி நீளம், 25 அடி உயரம். டேப் இல்லாமல் விகிதம் கிடைத்துவிட்டதே, எப்படி? அதுதான் வடிவொத்த முக்கோணம்.

எட்டுப்பட்டையை வீட்டுக்கு வந்து போடலாம். ஒரு சதுரம், அதன் மூலைவிட்டத்தில் பாதி அளவுக்குக் கவராயத்தை விரித்து, நான்கு மூலைகளிலிருந்தும் வில் போடுங்கள். பக்கங்களில் எட்டுப் புள்ளிகள் விழும். சேர்த்தால் சிகரத்தின் வடிவம்!

இன்னொன்றையும் காட்டத் தவறாதீர்கள். தர்மராஜ ரதத்தின் கீழ்த்தளம் முடியாமல் நிற்கிறது. உச்சியிலிருந்து கீழே செதுக்கிக்கொண்டு வந்தார்கள் என்பதற்கு அதுவே அடையாளம். முதல் உளி விழுமுன் முழு வடிவமும் மனக்கண்ணில் நின்றிருக்க வேண்டும். அவர்களிடம் ரப்பர் கிடையாது. உங்கள் குழந்தையிடம் இருக்கிறது, தாராளமாக அழிக்கட்டும்.

காலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏறினால் மணல் சுடும். உட்கார்ந்து வரைய முடியாது.