குறுக்கெழுத்தும் குறள் வெண்பாவும்

காலையில் நாளிதழ் வந்ததும் தலைப்புச் செய்தியை நோக்குவார் சிலர்; தங்கம் விற்கும் விலையை நோக்குவார் சிலர். நம் தந்தையார் இவ்விரண்டையும் கடந்து குறுக்கெழுத்துக் கட்டம் இருக்கும் பக்கத்துக்குச் செல்வார். அத்தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அரிசி மண்டிக்குப் புறப்படுவார். முப்பதாண்டுகள் அங்கே கணக்கு எழுதியவர். மாலையில் திரும்பும்போது கட்டங்கள் யாவும் நிரம்பியிருக்கும். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவரெனினும், காளமேகப் புலவரின் சிலேடைகளை மூட்டை எண்ணியபடியே சொல்ல வல்லவர். அவரை நாம் அத்தா என்றே அழைப்போம்.

நாம் இளங்கலைத் தமிழ் பயின்ற காலத்தில், யாப்பருங்கலக்காரிகைக்கு எழுதி வைத்திருந்த பாடக் குறிப்பேடு எவ்வாறோ அவர் கையில் அகப்பட்டது. தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என்னும் வாய்பாடுகளை ஓரிரவு முழுதும் பார்த்தார். “இது நம்ம மரக்கால், படிக் கணக்கு மாதிரிதானே தாயி?” என்றார். ஒரு வாரத்தில் வெண்டளை அவருக்கு வசமாயிற்று. நமக்கோ அதற்கு ஒரு பருவம் முழுதும் தேவைப்பட்டது என்பதை இங்கே ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

அதன்பின் தொடங்கியதுதான் அந்த விளையாட்டு. அன்றைய கட்டத்தின் விடைகளுள் மூன்றேனும் ஒரு குறள் வெண்பாவுக்குள் வந்தாக வேண்டும். வேற்றுமை உருபு சேர்க்கலாம். சொல்லைச் சிதைத்தல் ஆகாது. தளை தட்டக் கூடாது. பொருள் எத்துணை வேடிக்கையாக இருப்பினும் குற்றமில்லை. பொருளே இல்லாதிருத்தல் குற்றம். தோற்றவர் மறுநாள் சுக்குக் காபி போடவேண்டும். வாடகை, பூனை, கூடம் என மூன்று விடைகள் வந்த நாளில் அத்தா பாடியது இது:

வாடகை தாராமல் வாழ்ந்ததோர் பூனைக்குக்
கூடத்தில் என்ன குறை?

அப்போது நம் வீட்டுக் கூடத்தில் வாடகை தராத பூனையொன்று உண்மையிலேயே குடியிருந்தது. அன்றைய சுக்குக் காபி நம் பொறுப்பாயிற்று.

விளையாட்டினூடே அத்தா ஒன்றைக் கண்டறிந்தார். குறுக்கெழுத்துக் கட்டம் புள்ளி பெற்ற மெய்க்கும் தனி வீடு தருகிறது. யாப்போ அதனை முன்னெழுத்தின் மடியில் அமர்த்திவிடுகிறது. ‘பட்டம்’ கட்டத்தில் நான்கு வீடு. யாப்பில் இரண்டே அசை. ‘கடை’ இரண்டு வீடு, ‘கடல்’ மூன்று வீடு. அசையென வந்தால் இரண்டும் ஒரே நிரை. “எண்ணினா நாலு மூட்டை, எடை போட்டா ரெண்டு மூட்டை” என்று சொல்லிச் சிரித்தார். வகுப்பறையில் அசை பிரிக்கக் கற்பிக்கும்போதெல்லாம் இந்த மூட்டைக் கணக்கைத்தான் நாமும் இன்றளவும் சொல்லி வருகிறோம்.

கொடுத்த சொல்லை வைத்துப் பா இயற்றுதல் நம் புலவர்க்குப் புதிதன்று. செருப்பில் தொடங்கி விளக்குமாற்றில் முடிக்குமாறு கேட்டவர்க்குக் காளமேகம் முருகனைப் பாடிக் கொடுத்த கதையை அறியாதார் யார்? இடலாக்குடி தந்த சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் (1874–1950), 1907ஆம் ஆண்டு சென்னை விக்டோரியா நகர மண்டபத்தில் நூறு செயல்களில் ஒருசேரக் கவனம் செலுத்திக் காட்டியவர். இத்தகைய அவதான அரங்குகளில் ஈற்றடி கொடுத்து வெண்பாக் கேட்பதும் ஒரு சோதனை. ‘துருக்கன்’ என்னும் சொல்லில் தொடங்கும் ஈற்றடி ஒன்றைக் குறும்பாக ஒருவர் நீட்ட, பாவலர் அதற்கு முன்னே ‘சத்’ எனச் சேர்த்து, அவனை இராமனின் தம்பி சத்துருக்கன் ஆக்கிவிட்டார் என்பர். இக்கதையை அத்தா எத்தனை முறை சொன்னாரோ, கணக்கில்லை. சொல்லும்போதெல்லாம் பாவலர் தம் பக்கத்துக் கடைக்காரர் என்பது போன்ற ஒரு பெருமிதம் அவர் முகத்தில் தோன்றும்.

நாம் ஆய்வியல் நிறைஞர் பட்டத்துக்குச் சித்திரகவியை எடுத்துக்கொண்டோம். தண்டியலங்காரம் கூறும் மாலைமாற்று, நாகபந்தம், காதைகரப்பு ஆகியவற்றோடு, பல வினாக்களின் விடைகளைச் சேர்த்து ஒரு சொல்லோ தொடரோ எழச் செய்யும் வினாவுத்தரத்தையும் ஆராய்ந்தோம். வினாவுத்தரம் ஒருவகையில் குறுக்கெழுத்துக்கு மூத்த உறவு என்று ஆய்வேட்டில் எழுதவும் செய்தோம். பட்டம் கிடைத்தது, பணியும் கிடைத்தது.

முதன்முதலாக ஒரு மலர்க்குழுவில் இடம்பெற்றபோது, அத்தா தயங்கித் தயங்கி ஒரு நோட்டுப் புத்தகத்தை நீட்டினார். நாள் குறித்து எழுதிய முந்நூற்றுக்கும் மேற்பட்ட குறள் வெண்பாக்கள் அதில் இருந்தன. “ஒண்ணாச்சும் போடுவாங்களாம்மா?” என்று கேட்டார். “இவை விளையாட்டுப் பாக்கள் அத்தா, மலரில் வரத்தக்கன அல்ல” என்றோம். பழம்புலவரின் சொல்விளையாட்டை ஆராய்ந்து பட்டம் பெற்ற வாய்தான் அவ்வாறு சொன்னது. அவர் மறுமொழி ஏதும் கூறாமல் நோட்டை மூடிக்கொண்டார். அன்று ஏற்க மறுத்த பாக்களுள் ஒன்றே மேலே அச்சாகியிருக்கும் பூனைப் பா. இருபதாண்டு தாமதம்.

திருமணம், பணி, விடைத்தாள் என நாள்கள் ஓடின, விளையாட்டு நின்றது. 2019இல் அத்தாவின் மூளையில் இடப்பக்கத்துக் குருதியோட்டம் தடைப்பட்டது. வலக்கை சோர்ந்தது. அதனினும் கொடிது, சொற்கள் சிக்கிக்கொண்டன. நாம் பேசுவதைப் பெரும்பாலும் விளங்கிக்கொண்டார். தண்ணீர் வேண்டுமெனில் ‘தண்ணீர்’ என்னும் சொல் வரவில்லை. ஆனால் தொழுகையில் ஓதும் அத்தியாயங்கள் தடையின்றி வந்தன! ஒன்று முதல் இருபது வரை எண்ணவும் முடிந்தது. நெடுநாள் வாய்க்குப் பழகியவை அவ்வாறு எஞ்சி நிற்பதுண்டு என்று மருத்துவர் விளக்கினார். நம் பெயர் மட்டும் அவர் நாவில் வரவில்லை. நம்மைப் பார்ப்பார், உதடு துடிக்கும், பின்பு சன்னலைப் பார்ப்பார்.

ஒருநாள் அந்த நோட்டைத் தேடியெடுத்து, பூனைப் பாவைப் படித்து, ஈற்றுச் சீருக்கு முன் நிறுத்தினோம். அறை அமைதியாயிருந்தது. “குறை” என்றார் அத்தா.

அன்று முதல் மீண்டும் கட்டத்தை மடித்துக்கொண்டு அவரருகே அமரலானோம். சில நாளில் ஒரு சொல் வரும். பல நாளில் வராது. சினந்து பென்சிலை எறிந்த நாளும் உண்டு. (இக்கால மாணாக்கியர் கைப்பேசியில் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை ஆறு முயற்சியில் கண்டுபிடிக்கும் விளையாட்டை ஆடுகின்றனர். 2021இல் பொதுமக்களிடையே பரவியது அது. அதைக் காணுந்தோறும், ஒரே சொல்லுக்கு அறுபது முயற்சி செய்தவர் நினைவுக்கு வருகிறார்.)

நான்கு திங்கள் கழிந்திருக்கும். அன்றைய விடைகளுள் சாவி, நாள் ஆகியன இடமிருந்து வலம்; மழை மேலிருந்து கீழ். பாவை நாம் இயற்றி, வழக்கம்போல் ஈற்றுச் சீரை விட்டுவிட்டுப் படித்தோம்:

சாவி தொலைத்துத் தவிக்கின்ற நாளிலே
கூவிச் சிரிக்கும்...

மழை என்பதே விடை. கட்டத்தையும் விரலால் சுட்டிக் காட்டினோம். அத்தா கட்டத்தைப் பார்த்தார், நம்மைப் பார்த்தார். உதடு ஒருமுறை கூடிப் பிரிந்தது.

“மகள்” என்றார்.

முதலெழுத்து ஒன்றாயிருப்பின் ஒன்றுக்கு மற்றொன்று வந்துவிடும். அதனைப் பெரிதாகக் கொள்ள வேண்டா என மருத்துவர் முன்னரே சொல்லியிருந்தார். அதுவாகவும் இருக்கலாம். ஆயினும் ஆசிரியப் புத்தி உடனே அலகிட்டது. கட்டத்தில் இருப்பன இரண்டே வீடுகள். மகளுக்கு மூன்று வீடு வேண்டும். பாவிலோ மழையும் ஒரு நிரை, மகளும் ஒரு நிரை. தளை தட்டவில்லை.

கட்டத்தில் மழையை எழுதினோம். நோட்டில் மகளை எழுதி, நாள் குறித்தோம். அத்தா இடக்கையை நீட்டி அந்த வரியைத் தொட்டுப் பார்த்தார். பின்பு அடுப்படிப் பக்கம் கை காட்டினார்.

சுக்குக் காபி போட எழுந்தோம்.