அரிசிக்கும் சோற்றுக்கும் நடுவே

லண்டன், ஈஸ்ட்ஹாம்.

போன சனிக்கிழமை எங்கள் தெருமுனை சர்ச் ஹாலில் உணவு வங்கிப் பைகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இடுப்பில் குழந்தையோடு வந்த ஒரு பெண், பையைத் திறந்து அரிசிப் பொட்டலத்தை மட்டும் வெளியே எடுத்து மேசைமேல் வைத்தார். "இது வேறு யாருக்காவது உதவும். வீட்டில் கேஸ் தீர்ந்துவிட்டது" என்றார். இங்கே பல வீடுகளில் கேஸ் மீட்டர் செல்போன் ரீசார்ஜ் மாதிரி. முன்பணம் தீர்ந்தால் அடுப்பும் அணைந்துவிடும். உள்ளேயிருந்து வேறு பை வந்தது. 'கெட்டில் பாக்ஸ்' என்று பெயர். வெந்நீர் ஊற்றினால் போதும் என்கிற சூப், நூடுல்ஸ், ஓட்ஸ். வெந்நீருக்கும் வழியில்லாதவர்களுக்கு 'கோல்டு பாக்ஸ்'.

அந்த அரிசியைத் திரும்ப அலமாரியில் வைக்கும்போது எனக்குக் கை கூசியது. திருவையாற்றுப் பக்கம் பிறந்தவன் நான். ஆங்கிலத்தில் அரிசிக்கும் சோற்றுக்கும் ஒரே சொல்தான். நமக்கு இரண்டும் வேறு. நடுவில் ஓர் அடுப்பு இருக்கிறது.

இந்தப் பையை வாங்கவும் ஒரு முறை உண்டு. பசிக்கிறது என்று நேரே வந்து நின்றால் பெரும்பாலும் கிடைக்காது. டாக்டர், பிள்ளை படிக்கும் பள்ளி, சமூகப் பணியாளர், ஆலோசனை மையம், இப்படி யாரிடமாவது போய் வீட்டு நிலைமையைச் சொல்லி வவுச்சர் வாங்க வேண்டும். பெரியவர்கள் எத்தனை பேர், பிள்ளைகள் எத்தனை, என்ன கஷ்டம், எல்லாம் அதில் பதிவாகும். அதைக் காட்டினால் மூன்று நாளுக்கான சாப்பாட்டுச் சாமான். கடன், வாடகைச் சிக்கல்களுக்கும் சேர்த்து வழிகாட்டத்தான் இந்த ஏற்பாடு என்கிறார்கள். இருக்கட்டும். பசிக்குச் சீட்டு கேட்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி மன்னர் கட்டிய முக்தாம்பாள் சத்திரத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். வடலூரில் வள்ளலார் 1867-ல் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. அங்கே போய் உட்கார்ந்தால் சோறுதான் வரும், கேள்வி வராது.

இங்கே இந்த உணவு வங்கிகள் தொடங்கிய கதையைக் கேட்டால் மனசு கனக்கும். பல்கேரியக் குழந்தைகளுக்காக உழைத்துக்கொண்டிருந்த பேடி ஹெண்டர்சனுக்கு, அவர் வசித்த சாலிஸ்பரியிலிருந்தே ஒரு தாய் போன் செய்து, தன் பிள்ளைகள் பட்டினியோடு படுக்கப் போவதைச் சொன்னார். 2000-ல் ஹெண்டர்சன் தன் தோட்டக் கொட்டகையில் உணவு வங்கி ஆரம்பித்தார். அவரும் மனைவி கரோலும் உருவாக்கிய ட்ரஸல் அமைப்பின் உணவு வங்கிகள் 2023-24-ல் மட்டும் 31 லட்சம் பைகளுக்கு மேல் கொடுத்தன. அதில் 11 லட்சத்துக்கு மேல் குழந்தைகளுக்கு. இதே 2023 ஆகஸ்டில்தான் நம் திருக்குவளையில் காலை உணவுத் திட்டத்தை மாநிலம் முழுக்க விரிவாக்கினார்கள். பள்ளிக்கூடத்திலேயே சுடச்சுடப் பொங்கலும் உப்புமாவும். அந்தச் செய்தியை ஆபீசில் எல்லோரிடமும் காட்டினேன்.

வரும் ஏப்ரலில் உணவு வங்கிக்காக லண்டன் மராத்தான் ஓடுகிறேன். தொண்டு அமைப்பு வழியாக இடம் வாங்கினால் இவ்வளவு திரட்டித் தருகிறேன் என்று வாக்குக் கொடுக்க வேண்டும். 42.195 கிலோமீட்டர். தஞ்சாவூரில் கிளம்பி, வெண்ணாற்றுப் பாலம், அய்யம்பேட்டை, பாபநாசம் தாண்டிக் கும்பகோணத்துக்குள் நுழைகிற தூரம். விடியுமுன் தேம்ஸ் கரைக் குளிரில் ஓடும்போது மனசுக்குள் அந்தச் சாலையில்தான் ஓடுகிறேன். கால் கெஞ்ச ஆரம்பித்தால் பாபநாசம் வந்துவிட்டது என்று சொல்லிக்கொள்வேன்.

ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருக்கும் அப்பாவிடம் போனில் இந்த ஓட்டத்தைப் பற்றிச் சொன்னேன். சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிக் காயவைத்துக்கொண்டிருந்தார். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் எடுக்க மாட்டார்கள் என்று கவலை.

"சோறு போட எதுக்குடா ஓடணும்?" என்றார். ஓடுபவரைப் பார்த்து மற்றவர்கள் பணம் கொடுக்கும் வழக்கத்தை விளக்கினேன். கேஸ் இல்லாத அந்தப் பெண்ணைப் பற்றியும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"அந்தப் பொண்ணு வீட்டுல அடுப்பு எரியுதா இப்ப?"

தெரியாது என்றேன். அன்றிரவே சர்ச் ஹால் பொறுப்பாளருக்கு எழுதினேன்: நான் திரட்டும் பணத்தில் பாதி மீட்டர் ரீசார்ஜுக்குப் போகட்டும் என்று. ஆகட்டும் என்று புதன்கிழமை பதில் வந்தது.