ஆற்று மணலே காஞ்சிபுரத்தின் தண்ணீர்த் தொட்டி

‘நகரத்துக்காக ஆற்றில் மோட்டார் ஓடினால், அரை மைல் தள்ளியிருக்கும் என் கிணறு ஏன் இறங்குகிறது?’ என்று பாலாற்றங்கரை வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அந்தக் கேள்வியோடுதான் காஞ்சிபுரத்துக்குப் பஸ் ஏறினேன்.

காஞ்சிக்கு வருகிறவர்கள் பட்டு எடுப்பார்கள், கோயில்களைச் சுற்றுவார்கள், இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். ஊரின் தென்மேற்கு ஓரத்தில், வேகவதிக் கரையில் இருக்கும் திருப்பருத்திக்குன்றத்துக்கு அதிகம் பேர் வருவதில்லை. பட்டுக்குப் பேர்போன ஊரின் ஓரத்தில், பெயரிலேயே பருத்தியை வைத்திருக்கும் ஊர் இது. ஜினகாஞ்சி என்றும் சொல்வார்கள். இங்குள்ள திரைலோக்கியநாதர் கோயிலில், விஜயநகர அமைச்சர் இருகப்பர் 1387-88-ல் கட்டிய சங்கீத மண்டபம் இருக்கிறது. அண்ணாந்து பார்த்தால் கூரை முழுக்கத் தீர்த்தங்கரர் கதை ஓவியங்கள். வெளியே மேடை கட்டிக் காத்துவரும் குரா மரம். அதன் நிழலில் உட்கார்ந்தபோது, தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கும் சமணர்களின் வழக்கம் நினைவுக்கு வந்தது.

அதே வடிகட்டும் வேலையைத்தான் ஆறு மணலை வைத்துச் செய்கிறது. காஞ்சிபுரத்துக்கு முதன்முதலில் குழாய்த் தண்ணீர் கொடுத்ததே இந்த வேகவதி மணலின் ஊற்றுதான். ஊர் பெருத்தது. பாலாற்றுக்குப் போனார்கள்: ஓரிக்கையில் ஆற்றுக்குள் கிணறுகள், மேற்கே திருப்பாற்கடலில் ஆழ்துளைக் கிணறுகள். அங்கிருந்து பம்ப் செய்து, மேல்நிலைத் தொட்டிகளில் ஏற்றித் தெருவுக்கு விடுகிறார்கள். பாற்கடல் என்ற பெயர் பொருத்தம்தான், கடல் இருப்பது மணலுக்கு அடியில்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஏக்கர் ஆற்றுமணல், ஒரு மீட்டர் ஆழம். அதில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீராக வடியும் என்று வைத்தால் சுமார் 8 லட்சம் லிட்டர். ஆளுக்கு 135 லிட்டர் வீதம் ஏறக்குறைய 6,000 பேருக்கு ஒரு நாள் தண்ணீர். அந்த ஒரு மீட்டர் மணலை லாரியில் ஏற்றிவிட்டால் அவ்வளவு கொள்ளளவும் போயிற்று. மறுபடி மழை பெய்தாலும் தேங்க இடமில்லை. 2021 நவம்பரில் பாலாற்றில் நொடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் வெள்ளம் போனதே, அது சில நாளில் கடல் சேர்ந்தது. நமக்கு மிஞ்சியது மணல் குடித்துவைத்ததுதான்.

இனி வாசகரின் கேள்வி. மோட்டார் இழுக்கும்போது, அந்தக் கிணற்றைச் சுற்றி நிலத்தடி நீர் புனல் மாதிரிச் சரியும். மணல் கனமாக இருந்தால் புனல் சின்னது. மணல் மெலிந்தால் அதே இழுவைக்குப் புனல் ஆழமாகி, அகன்று, கரைத் தோட்டம்வரை வரும். ஊற்றுக்கால்வாய்களுக்கும் இதே கதிதான்: படுகை தாழ்ந்துவிட்டால் கால்வாய்த் தலைப்பு மேலே நிற்கும், தண்ணீர் கீழே போகும். தை, மாசியில் எவ்வளவு தூர் வாரினாலும் ஏறாது. அதனால் நகரத்து மோட்டாரின் மேல் இருக்கும் கோபம் பாதிதான் நியாயம் என்பேன். முதல் கணக்கு மணலோடு தீர்க்க வேண்டியது.

மீதிப் பாதி கோபம் முழுக்க நியாயம். எடுத்த தண்ணீரை நகரம் எப்படித் திருப்பித் தருகிறது? மஞ்சள்நீர்க் கால்வாய் ஓரமாக நடந்தால் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அது நத்தப்பேட்டை ஏரிப் பக்கம் போகிறது. பட்டு நூலைச் சோப்புத் தண்ணீரில் கொதிக்கவைத்து, சாயம் ஏற்றி, திரும்பத் திரும்ப அலசுகிறார்கள், அந்த நீரும் எங்கோ போய்ச் சேரத்தான் வேண்டும். தாமல் ஏரியிலிருந்து புறப்படும் வேகவதி, திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கிறது. வழியில் விட்ட அழுக்கு, கீழே இருப்பவரின் ஊற்றுக்குத்தானே போகும்? நன்றாகச் சுத்திகரித்த நீர் ஏரிக்கு வந்தால் ஆயக்கட்டுக்காரர் வேண்டாமென்று சொல்லப் போவதில்லை.

வாசகருக்கு ஒரு வேலை. உங்கள் கிணற்றில் கயிறு விட்டு, மாதம் ஒருமுறை அதே தேதியில், மோட்டார் போடுவதற்கு முன் காலையிலேயே அளந்து எழுதுங்கள். பக்கத்தில் அந்த மாதத்து மழையையும், ஆற்றில் தண்ணீர் ஓடியதா என்பதையும் குறியுங்கள். நாலைந்து தோட்டக்காரர்கள் சேர்ந்து இரண்டு வருஷம் எழுதினால், கிராமசபையில் எழுந்து நின்று பேச அந்த நோட்டுப் புத்தகம் போதும்.